கால் தொங்கக் கூடாது: பார்லர் ஸ்டூலும் ஃபுட்ரெஸ்ட்டும்

ஒரு ஃபேஷியல் முடிய முக்கால் மணி நேரம், சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஆகும். பெட்டில் படுத்திருப்பவர் அந்த நேரம் முழுக்கக் கண்ணை மூடி ஓய்வெடுக்கிறார். தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மசாஜ் கொடுப்பவரின் கை எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அவர் கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். பெரும்பாலும் நுனிக்கால் மட்டும் தரையில் பட்டும் படாமலும் இருக்கும். இல்லையென்றால் ஸ்டூலின் குரோம் வளையத்தில் விரல்களை மடக்கி மாட்டியிருப்பார். அதுவும் இல்லையென்றால் கால் சும்மா தொங்கும். நாளுக்கு நாலு ஃபேஷியல், நடுவே த்ரெடிங், வேக்ஸிங் என்று வேலை ஓடினால் சாயங்காலம் கெண்டைக்கால் கனக்கிறது, பாதம் வீங்குகிறது, குறுக்கு பிடித்துக்கொள்கிறது. வயதாகிறது என்றோ சத்துக் குறைவு என்றோ சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். பல நேரங்களில் காரணம் அவர் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் அந்த ஐந்தாறு அங்குல இடைவெளிதான்.

இதைச் சுங்குவார்சத்திரம் என்ற ஊரை வைத்துப் பேசுகிறேன், அதற்குக் காரணம் உண்டு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே உள்ள இந்த ஊரைச் சுற்றி ஃபாக்ஸ்கான், சாம்சங் போன்ற பெரிய ஆலைகள் இருக்கின்றன. பக்கத்து வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய விடுதி வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கையில் சொந்தச் சம்பளம் உள்ள இளம்பெண்கள் இத்தனை பேர் இருக்கும் வட்டாரத்தில் பார்லர்களுக்கு வேலை குறையாது. ஆலைகளின் ஷிஃப்டும் வார விடுமுறையும்தான் இங்கே பார்லரின் கூட்டத்தைத் தீர்மானிக்கின்றன. விடுமுறை நாளில் எல்லோரும் சேர்ந்து வருவார்கள். அன்றைக்குக் கத்தரிக்கோலும் நூலும் பிடிக்கிற பெண்ணுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க முடியாது.

ஆலையில் வேலை செய்கிறவருக்கு உட்கார இடம் வேண்டும் என்று சட்டம் வெகு காலத்துக்கு முன்பே சொல்லிவிட்டது. நின்றே வேலை செய்ய வேண்டியவர்கள் இடையில் கிடைக்கும் நேரத்தில் உட்கார ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் 44ஆம் பிரிவாக இருந்தது. உட்கார்ந்தே நன்றாகச் செய்யக்கூடிய வேலை என்று தலைமை ஆய்வாளருக்குத் தோன்றினால், இருக்கை போடும்படி ஆலைக்கு அவர் எழுத்துமூலம் உத்தரவிடவும் அதே பிரிவு வழி செய்தது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த உரிமை கிடைக்க ஏறக்குறைய எழுபது வருடம் ஆனது. கோழிக்கோட்டில் பெண்கூட்டு அமைப்பின் விஜியும் துணிக்கடைப் பெண்களும் நடத்திய போராட்டத்தை ஒட்டி 2018-ல் கேரளம் தன் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. துணிக்கடை, நகைக்கடைப் பெண்களை மனதில் வைத்து வந்த திருத்தம்தான். ஆனால் அந்தச் சட்டத்தில் கடை என்பது வாடிக்கையாளருக்குச் சேவை செய்யும் இடத்தையும் குறிக்கும் என்பதால் பார்லரும் அதில் அடங்கும்.

சட்டம் தகுந்த இருக்கை என்று சொல்கிறது. எத்தனை சென்டிமீட்டர் உயரம், கால் எங்கே நிற்க வேண்டும் என்றெல்லாம் அது சொல்லவில்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை மூலையில் போட்டுவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம். ஊழியர் யாரையும் வைக்காமல் தானே உரிமையாளராகவும் தானே வேலைக்காரராகவும் இருக்கும் பெண்ணுக்கு அந்தச் சட்டத்தாலும் பயனில்லை. அதனால் தகுந்தது எது என்பதை நாமே அளந்து பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில், கால் தொங்கினால் ஏன் வலிக்கிறது? உட்கார்ந்திருக்கும்போது உடலின் எடை முழுக்கப் பிட்டத்தில் இறங்குவதில்லை. ஒரு பங்கு தொடை வழியாகப் பாதத்துக்குப் போய்த் தரையில் இறங்க வேண்டும். பாதத்துக்குப் பிடிமானம் இல்லாதபோது காலின் எடை முழுவதையும் தொடையின் அடிப்பக்கம் சுமக்கிறது. ஸ்டூலின் முன்விளிம்பு அங்கே அழுத்துகிறது. முழங்காலின் பின்பக்கம் வழியாகத்தான் காலுக்குப் போகும் இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. அதை ஒட்டிய இடத்தில் விழும் அழுத்தம்தான் கால் மரத்துப்போவதற்குக் காரணம். அதோடு, காலில் இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளிவிடுவது கெண்டைக்கால் தசை. பாதத்தை ஊன்றி அழுத்தும்போது அது சுருங்கி விரிகிறது. தொங்குகிற காலில் அதற்கு வேலையே இல்லை. இரத்தமும் நீரும் கணுக்காலைச் சுற்றித் தேங்குகின்றன.

முதுகு வலிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. பியூட்டிஷியன் இரண்டு கைகளையும் முன்னே நீட்டித்தான் வேலை செய்கிறார். கை முன்னே போகும்போது உடலும் முன்னே சாயும். அந்தச் சாய்வைத் தாங்கிப் பிடிக்கப் பாதம் அழுந்த ஊன்ற வேண்டும். ஊன்ற இடமில்லாவிட்டால் அந்தச் சுமை முழுக்கக் குறுக்குத் தசைக்குப் போகிறது. முதுகு சாயும் ஸ்டூல் வாங்கியும் வலி போகவில்லை என்று பலர் சொல்வது இதனால்தான். முன்னே குனிந்து வேலை செய்கிறவரின் முதுகு அந்தச் சாய்மானத்தைத் தொடுவதே இல்லையே!

ஆகவே ஸ்டூல் கடைக்குப் போவதற்கு முன் ஒரு டெய்லர் டேப்பை எடுங்கள். கால் நன்றாகத் தரையில் பதியும் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பின் பின்பக்கம் வரை அளந்துகொள்ளுங்கள். பார்லருக்குள் செருப்போடு இருப்பவர் செருப்போடு, வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வேலை செய்பவர் வெறுங்காலோடு அளக்க வேண்டும். அடுத்து, தோளைத் தளர்த்தி முழங்கையை மடக்கி, உட்காரும் பலகையிலிருந்து முழங்கை வரை உள்ள உயரம். கடைசியாக உங்கள் ஃபேஷியல் பெட்டின் உயரம். அதில் ஒருவரைப் படுக்கவைத்து, தரையிலிருந்து அவர் முகம் வரைக்கும் அளந்துவிடுங்கள். கையில் இந்த அளவுகள் இல்லாமல் கடைக்காரரிடம் பேசுவது வீண்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஐந்தடியை ஒட்டி இருக்கிறது. அந்த உயரமுள்ள ஒருவருக்கு முழங்கால் மடிப்பு தரையிலிருந்து சுமார் 38 செ.மீ. இருக்கும், உட்கார்ந்தால் முழங்கை இருக்கையிலிருந்து சுமார் 20 செ.மீ. மேலே இருக்கும். பெட்டின் உயரம் 70 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். படுத்திருப்பவரின் முகம் அதற்கு மேல் 18 செ.மீ. இருக்கும். ஆக, கை வேலை செய்ய வேண்டிய உயரம் 88. தோளைத் தூக்காமல் முழங்கை அந்த உயரத்துக்கு வர வேண்டுமானால் இருக்கை 68 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அவர் காலோ 38 செ.மீ.தான். 30 செ.மீ., அதாவது ஓர் அடி, காற்றில் தொங்கும்.

கால் தரையில் படட்டும் என்று ஸ்டூலை 40-க்கு இறக்கினால் என்ன ஆகும்? முழங்கை 60-ல் நிற்கும், முகம் 88-ல் இருக்கும். ஒரு மணி நேரம் தோளைத் தூக்கிக்கொண்டே மசாஜ் செய்ய வேண்டும். கால் வலி போய்க் கழுத்து வலி வரும். பார்லர் வேலையில் உள்ளவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே ஸ்டூலை ஏற்றியும் இறக்கியும் பார்த்துவிட்டு, எப்படி வைத்தாலும் வலிக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கைப் போட்டவுடன் ஒன்று புரியும். தவறு ஸ்டூலில் இல்லை, பெட்டில் இருக்கிறது. அதே பெட்டை 55 செ.மீ.க்கு இறக்கினால் முகம் 73-ல் வரும், இருக்கை 53 போதும், காலுக்குக் கீழே 15 செ.மீ. பலகை ஒன்று வைத்தால் வேலை முடிந்தது. 50-க்கு இறக்கினால் 10 செ.மீ. பலகை போதும். கால் பதிக்கத் தரையை மிஞ்சிய ஃபுட்ரெஸ்ட் எதுவும் கிடையாது. தரைக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறோமோ அவ்வளவு நல்லது. இரும்பு ஃபிரேம் பெட் என்றால் வெல்டிங் கடையில் நான்கு கால்களையும் வெட்டி அடியில் ரப்பர் புஷ் போட்டுத் தருவார்கள். உயரமான பெட்டில் ஏறச் சிரமப்படும் வயதான வாடிக்கையாளர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது நல்லதுதான்.

வெட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அதே பெட்டில் நின்றுகொண்டு வேக்ஸிங்கும் செய்கிறீர்களா? நிற்கும்போது ஐந்தடிப் பெண்ணின் முழங்கை ஏறக்குறைய 95 செ.மீ. உயரத்தில் இருக்கும். 50 செ.மீ. பெட்டில் படுத்திருப்பவரின் காலில் வேக்ஸ் பூச இடுப்பை மடித்துக் குனிய வேண்டியிருக்கும். ஒரே பெட்டில் இரண்டு வேலையும் நடக்கும் சின்ன பார்லரில் உயரம் ஏற்றி இறக்கும் பெட்தான் சரியான தீர்வு. அது கைக்கு எட்டாத விலை என்றால், எந்த வேலை அதிகம் என்று பாருங்கள். ஃபேஷியல்தான் அதிகம் என்றால் பெட்டை இறக்கிவிட்டு, வேக்ஸிங்கையும் ஸ்டூலில் உட்கார்ந்து பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து செய்யப் பழகலாம்.

பெட்டின் தலைமாட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே குறுக்குக் கம்பியோ டிராயரோ இருந்தால் முழங்கால் உள்ளே போகாது. உடல் பின்னுக்குத் தள்ளப்படும், கை எட்டாமல் குனிய வேண்டிவரும். எவ்வளவு நல்ல ஃபுட்ரெஸ்ட் வாங்கினாலும் இதைச் சரிசெய்யாது.

இப்போது வளையத்துக்கு வருவோம். கடையில் ஃபுட்ரெஸ்ட் உள்ள ஸ்டூல் கேட்டால் எடுத்துக் காட்டுவது நடுத்தண்டைச் சுற்றிக் குரோம் வளையம் போட்ட ஸ்டூலைத்தான். பார்க்க அழகாக இருக்கும், இடத்தையும் அடைக்காது. எனக்கு அதன் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. வளையம் தண்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் பாதத்தை முன்னே நீட்டி வைக்க முடியாது, இருக்கைக்கு அடியில் மடக்கித்தான் வைக்க வேண்டும். முழங்கால் செங்கோணத்தையும் தாண்டி மடங்கும். பத்து நிமிட வேலைக்குப் பரவாயில்லை, ஒரு மணி நேரத்துக்கு அது தண்டனை. அதோடு அது உருண்டையான மெல்லிய குழாய். ஷூ போட்டு வேலை செய்யும் நாட்டில் கெட்டியான அடிப்பகுதி அந்த அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். நம் ஊரில் வெறுங்காலோடு வேலை செய்யும் பெண்ணின் உள்ளங்காலில் அந்தக் குழாய் நேராகப் பதிகிறது. குதிகாலுக்கு அதில் இடமே கிடையாது.

வளையம்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால் சிலவற்றைச் சோதித்து வாங்குங்கள். இருக்கையை ஏற்றும்போது வளையமும் கூடவே ஏறுகிறதா, இருந்த இடத்திலேயே நிற்கிறதா? பல ஸ்டூல்களில் அது வெளிக்குழாயில் திருகால் இறுக்கப்பட்டிருக்கும். இருக்கை ஏறினாலும் அது அங்கேயே நிற்கும். ஒவ்வொரு முறை உயரம் மாற்றும்போதும் குனிந்து திருகைத் தளர்த்தி வளையத்தையும் மாற்ற வேண்டும். யாரும் செய்ய மாட்டார்கள். இரண்டாவது, காலால் வளையத்தை அழுத்திப் பாருங்கள். வழுக்கி இறங்கினால் அந்த ஸ்டூல் வேண்டாம். ஆள் ஒருவர் வளையத்தை மிதித்து ஏறி உட்காரும் நேரத்தில் அது நழுவினால் விழுவது அவர்தான். மூன்றாவது, அடியிலுள்ள ஐந்து கால் நட்சத்திரம் வளையத்தைவிட அகலமாக இருக்க வேண்டும். வளையத்தின் ஓரத்தில் ஒரு காலை மட்டும் வைத்து அழுத்தினால் ஸ்டூல் தூக்கிக்கொண்டு சாய்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். தட்டையான, அகலமான, மேலே ரப்பர் போட்ட வளையமாக இருந்தால் இன்னும் நல்லது.

ஆலைகளில் எலக்ட்ரானிக்ஸ் அசெம்பிளி மேஜைகளுக்கென்று வளையம் வைத்த உயர நாற்காலிகள் செய்கிறார்கள். இந்த வட்டாரத்தில் அவை பழைய சாமான் கடைகளில் விலைக்கு வந்தால் வாங்கத் தோன்றும். அவற்றின் கட்டுமானம் உறுதியாகவே இருக்கும். ஆனால் அவை உயரமான வேலை மேஜைக்குச் செய்தவை. முழுக்க இறக்கினாலும் 55 செ.மீ.க்குக் கீழே வராதவை அதில் பல. உங்கள் கணக்கில் வந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, எவ்வளவு இறங்கும் என்பதை முதலில் பாருங்கள். எவ்வளவு ஏறும் என்பது நமக்கு அவ்வளவு முக்கியமில்லை. புது ஸ்டூலுக்கும் இதையே சொல்வேன். வெளிநாட்டு உடல் அளவுகளை வைத்துச் செய்த ஸ்டூல்கள் நம் பெண்களுக்கு உயரமாகவே அமையும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-லேயே தேபகுமார் சக்ரவர்த்தியின் இந்திய உடல் அளவுகள் நூலை வெளியிட்டிருக்கிறது. நம் உடலுக்குப் பொருள் செய்ய அளவுகள் இல்லாமல் இல்லை.

ஒரு மணி நேர வேலைக்கு நான் பரிந்துரைப்பது தரையில் தனியாக வைக்கும் பலகையைத்தான். இரண்டு பாதமும் வசதியாகப் பதிய 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம் வேண்டும். முன்பக்கம் லேசாக உயர்ந்து சாய்வாக இருந்தால் கணுக்காலுக்கு இதம். காலை முன்னே பின்னே நகர்த்தலாம், ஒன்றை நீட்டி ஒன்றை மடக்கலாம், கெண்டைக்காலை அழுத்தித் தளர்த்தலாம். இந்தச் சுதந்திரம் வளையத்தில் கிடையாது.

கடையில் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. மேஜையும் அலமாரியும் செய்யும் தச்சர் யாராக இருந்தாலும் அரை நாளில் செய்துவிடுவார். 10 செ.மீ. உயரத்தில் ஒரு பெட்டிப் பலகை, 5 செ.மீ. உயரத்தில் இன்னொன்று, ஒன்றின் மேல் ஒன்று நகராமல் பொருந்துவதற்கு நாலு மூலையிலும் முளை. ஐந்து, பத்து, பதினைந்து என்று மூன்று உயரம் கிடைத்துவிடும். இரண்டு மூன்று பேர் மாறி மாறி வேலை செய்யும் இடத்தில் அவரவர் உயரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மேல்பக்கம் கோடு போட்ட ரப்பர் ஷீட் ஒட்டுங்கள். துணியோ கார்ப்பெட்டோ வேண்டாம். கிரீமும் எண்ணெயும் வேக்ஸும் சிந்தும் இடத்தில் துடைத்துக் கழுவக்கூடியதாக இருக்க வேண்டும். அடியில் ரப்பர் புஷ் கட்டாயம். டைல்ஸ் தரையில் ஈரமும் எண்ணெயும் சேர்ந்தால் வெறும் மரம் வழுக்கிக்கொண்டு ஓடும். விளிம்புகளை உருட்டச் சொல்லுங்கள், இருட்டான ஃபேஷியல் அறையில் யாராவது இடித்துக்கொள்வார்கள்.

தனிப் பலகை வைக்கும்போது ஒரு சிக்கல் வரும், பலரும் அதை எதிர்பார்ப்பதில்லை. ஸ்டூலுக்கு வீல் இருந்தால், பலகையைக் காலால் அழுத்துகிற ஒவ்வொரு முறையும் ஸ்டூல் பின்னால் உருளும். உருளாமல் பிடித்துக்கொள்ளத் தொடையை இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஓய்வுக்காக வைத்த பலகை புது வேலை கொடுத்துவிடும். தலைமாட்டிலேயே உட்கார்ந்து செய்யும் ஃபேஷியலுக்கு வீலைக் கழற்றிவிட்டு ரப்பர் புஷ் மாட்டுவதே மேல். உட்கார்ந்தவுடன் தானாகப் பிரேக் பிடிக்கும் வீல்களும் கிடைக்கின்றன. நகர்ந்துகொண்டே செய்யும் வேலைக்கு வீல் வேண்டும்தான். ஆனால் தரையைக் காலால் தள்ளித்தானே நகர முடியும்? அப்படிப்பட்டவருக்குப் பலகையும் வளையமும் இரண்டுமே உதவாது, பெட்டை இறக்கிக் காலைத் தரைக்குக் கொண்டுவர வேண்டியதுதான். வீல் வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை ஸ்டூலைக் கவிழ்த்துப் பாருங்கள். முடி சுற்றிக்கொண்டு வீல் சுழலாமல் இழுபடும், அப்போதுதான் ஸ்டூல் திடீரென்று நின்று சாயும்.

குதிரைச் சேணம் போன்ற இருக்கையுள்ள ஸ்டூலைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பல் மருத்துவர்கள் அதிகம் பயன்படுத்துவது. அதில் தொடை சமமாக இல்லாமல் கீழ்நோக்கிச் சரியும். அதனால் இருக்கை உயரமாக இருந்தாலும் பாதம் தரையைத் தொட்டுவிடும், ஃபுட்ரெஸ்ட்டே தேவைப்படாமல் போகலாம். இடுப்பும் முன்னே சாய்ந்து முதுகு தானாக நிமிரும். 53 செ.மீ. இருக்கை வேண்டும், கால் 38 செ.மீ.தான் என்ற நம் கணக்குக்கு இது நல்ல விடை. ஆனால் இரண்டு காலையும் அகட்டி உட்கார வேண்டும். சுடிதாரோ பேன்ட்டோ போட்டவருக்குச் சரி, புடவை கட்டியவருக்கு ஒத்துவராது. இடுப்பு மூட்டுத் தொந்தரவு உள்ளவர்களுக்கும் சிரமம். முதல் சில நாள் தொடையின் உள்பக்கம் வலிக்கும், அரை மணி அரை மணியாகப் பழக வேண்டும்.

பெடிக்யூரில் விஷயம் தலைகீழ். அங்கே வாடிக்கையாளரின் காலுக்குத்தான் ஃபுட்ரெஸ்ட் வேண்டும். வேலை செய்கிற பெண் கிட்டத்தட்டத் தரையில், முழங்கால் நெஞ்சை இடிக்க உட்கார்ந்து, வாடிக்கையாளரின் பாதத்தைத் தன் மடியில் துண்டு விரித்து வைத்துக்கொள்கிறார். முதுகு முழுக்கக் கூனிப்போகிறது. வாடிக்கையாளரின் நாற்காலியை ஒரு சிறு மேடையில் ஏற்றுங்கள். பாதம் வைக்க உயரம் மாற்றக்கூடிய தனித் தாங்கி வாங்குங்கள். வேலை செய்பவர் 35 முதல் 40 செ.மீ. ஸ்டூலில் காலைத் தரையில் பதித்து உட்காரட்டும். இந்த ஒரு மாற்றத்துக்காக மேடை கட்டும் செலவு வீண்போகாது.

த்ரெடிங்குக்கு ஸ்டூல் பெரும்பாலும் சரிப்படாது. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு வாடிக்கையாளரின் புருவத்துக்கு மேல் குனிந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி நிற்க வேண்டிய வேலை. நிற்பவருக்கும் ஃபுட்ரெஸ்ட் உண்டு. 10 முதல் 15 செ.மீ. பலகையை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு காலை அதில் ஏற்றி, சில நிமிடம் கழித்துக் காலை மாற்றிக்கொண்டால் இடுப்பின் பாரம் குறையும். ஃபேஷியலுக்குச் செய்த அதே பலகை இதற்கும் போதும். வாடிக்கையாளர் நாற்காலியை எட்டிய மட்டும் ஏற்றிக்கொள்வதும் முக்கியம். அதற்குத்தான் அதில் ஹைட்ராலிக் இருக்கிறது, பலர் அதைத் தொடுவதே இல்லை.

ஸ்டூலின் உயரத்தை ஏற்றி இறக்கும் கேஸ் சிலிண்டரின் தரத்தை விசாரியுங்கள். ஜெர்மன் தரமான டிஐஎன் 4550, கிளாஸ் 4 என்று பொறித்திருந்தால் நல்லது. உட்கார்ந்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கும் ஸ்டூல், நீங்கள் அளந்து வைத்த கணக்கையெல்லாம் கெடுத்துவிடும். கைப்பிடி லீவருக்குப் பதில் காலால் மிதித்து உயரம் மாற்றும் மாதிரி கிடைத்தால் இன்னும் வசதி. கையில் கிரீமோ கிளவுஸோ இருக்கும்போது லீவரைத் தொட மாட்டோம், தொடாததால் உயரத்தை மாற்றாமலேயே உட்கார்ந்துவிடுவோம்.

எவ்வளவு சரியான ஃபுட்ரெஸ்ட்டாக இருந்தாலும் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார உடல் சம்மதிக்காது. முகத்தில் பேக் போட்டுவிட்டுக் காயக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் போனை எடுத்துக்கொண்டு அதே ஸ்டூலில் உட்காராதீர்கள். எழுந்து நடங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். இரவு தூங்கி எழுந்த பிறகும் வீக்கம் குறையவில்லை என்றாலோ, கெண்டைக்காலில் இரத்தக் குழாய் சுருண்டு புடைத்துத் தெரிந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கமும் வலியும் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். இரத்தக்கட்டாக இருக்கலாம், பலகையால் தீருகிற விஷயம் இல்லை அது.

பார்லர் தொடங்க வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது கொட்டேஷனில் ஹைட்ராலிக் நாற்காலி, ஃபேஷியல் பெட், ஸ்டீமர், கண்ணாடி எல்லாம் வரிசையாக இருக்கும். வேலை செய்கிறவரின் ஸ்டூல் கடைசி வரியில் வரும், அல்லது எல்லாம் வாங்கினால் இலவசம் என்று வரும். முத்ரா திட்டத்தின் சிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரைதான் கடன், பணம் பற்றாது என்பது உண்மை. ஆனாலும் அந்த வரியை மேலே கொண்டுவாருங்கள். வாடிக்கையாளர் ஒரு மணி நேரம் படுத்துவிட்டு எழுந்து போய்விடுவார். ஸ்டூலில் உட்கார்பவர் பத்து வருடம் அதில் உட்காரப் போகிறார்.

ஸ்டூல் வாங்கப் போகும் உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அதில் உட்காரப் போகிற பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடையில் ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கைகளை முன்னே நீட்டச் சொல்லி, பாதம் முழுதாகப் பதிகிறதா, தொடைக்கும் இருக்கையின் முன்விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று பேர் மாறி உட்காரும் ஸ்டூல் என்றால் அவர்களில் உயரம் குறைந்தவரை அழைத்துப் போங்கள். உயரமானவர் பலகையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார். உயரம் குறைந்தவருக்கு அது இல்லாமல் முடியாது.